செஞ்சியில் ஒரு செகண்ட் ஹேண்ட் கிட்டார்!

குடம் வாங்கினால் தட்டிப் பார்க்கிறோம். பழைய வண்டி வாங்கினால் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறோம். மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் பேச்சையே ஆரம்பிக்க மாட்டார். பழைய கிட்டார் வாங்கினால் என்ன பார்க்க வேண்டும்?

நான் ஒன்றையுமே பார்க்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்படி வாங்கி ஏமாந்தேன். அதோடு நின்றிருந்தால் இந்தப் பக்கத்தில் எழுதியிருக்க மாட்டேன். ஊரில் யார்தான் எதிலாவது ஏமாறவில்லை? ஆனால் அதே கிட்டாரைப் போன மாதம் விற்கப் போனபோது, என்னை ஏமாற்றிய பையன் நின்ற இடத்தில் நானே போய் நிற்கப் பார்த்தேன். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

பஸ் ஸ்டாண்டில் முடிந்த வியாபாரம்

அப்போது என் மகன் ஒன்பதாம் வகுப்பு. நண்பன் வீட்டுக் கிட்டாரைத் தடவித் தடவி, போனில் வீடியோ பார்த்து, நாலு பாட்டு வாசிக்கக் கற்றுக்கொண்டிருந்தான். "அம்மா, சொந்தமா ஒண்ணு வேணும்மா" என்று ஆரம்பித்தான். சும்மா கிட்டார் போதாதாம். ஸ்பீக்கரில் செருகி வாசிக்கிற மாதிரி வேண்டுமாம். கடைக்காரர்கள் இதை 'செமி அக்கூஸ்டிக்' என்கிறார்கள். சரியான பெயர் 'எலக்ட்ரோ அக்கூஸ்டிக்'. செருகாமல் வாசித்தால் சாதாரண மரக் கிட்டார். ஒயரைச் செருகினால் மண்டபம் முழுக்கக் கேட்கும்.

புதிது பன்னிரண்டாயிரம் என்றார்கள். எனக்குத் தலை சுற்றியது. போனில் பழைய பொருள் விளம்பரங்களைத் தேடியதில், விழுப்புரத்தில் ஒரு கல்லூரி மாணவர் ஏழாயிரத்துக்குத் தருவதாகப் போட்டிருந்தார். செஞ்சியிலிருந்து விழுப்புரம் நாற்பது கிலோமீட்டர்தான். சனிக்கிழமை பஸ் ஏறிவிட்டோம்.

"வீட்டுக்கு வரவேணாம் ஆன்ட்டி, பஸ் ஸ்டாண்டுக்கே கொண்டாந்துடறேன்" என்றார் அந்தப் பையன். எவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். கறுப்புப் பையோடு வந்தார், ஜிப்பைத் திறந்தார். என் மகன் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பாட்டு வாசித்தான். பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மகன் முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

"ஸ்பீக்கர்ல போட்டா இன்னும் சூப்பரா இருக்கும் ஆன்ட்டி. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு."

பஸ் ஸ்டாண்டில் எங்கே ஸ்பீக்கருக்குப் போவது? ஏழாயிரத்தைப் போனிலேயே அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் வியாபாரம் முடிந்தது.

எங்கள் ஊர் தேசிங்கு ராஜன் டில்லிக்குப் போய், யாராலும் அடக்க முடியாத குதிரையை அடக்கிக் காட்டினான் என்று கதைப்பாடல் பாடுவார்கள். அவன் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் குதிரையைக் கொண்டுவந்தான். அவன் ஊர்க்காரி நான், ஏறிப் பார்க்காமலே வாங்கிவந்தேன்.

ஆண்டு விழாவில் வெளுத்த சாயம்

மூன்று மாதம் ஒரு குறையும் தெரியவில்லை. வீட்டில் வாசிக்க ஸ்பீக்கர் எதற்கு? பள்ளி ஆண்டு விழா வந்தது. மகன் மேடையேறினான். சவுண்ட் சர்வீஸ்காரர் ஒயரைச் செருகினார். 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

ஒயரை அசைத்து அசைத்து ஒருவழியாகச் சத்தத்தை அடக்கினார்கள். ஆனால் பாட்டு பாட்டாக இல்லை. ஆறு தந்திகளில் ஒன்று மட்டும் கேட்கவே இல்லை. ராகம் போய்க்கொண்டே இருக்கும்போது நடுவில் பல் விழுந்த மாதிரி ஓர் இடைவெளி. பாதியில் நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

அந்த விழுப்புரம் பையனுக்கு போன் அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப். அடுத்த நாளும் ஸ்விட்ச் ஆஃப்.

"குடம் வாங்கினா பத்து தடவை தட்டிப் பார்க்கிறவ, இதைத் தட்டிப் பார்க்கலையா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். தட்டித்தான் பார்த்தோம். தட்ட வேண்டிய இடத்தில் தட்டவில்லை.

கேஸ் லைட்டரில் இருக்கிற ரகசியம்

புதுச்சேரியில் ஒரு பெரியவர் இசைக் கருவிகள் ரிப்பேர் செய்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். அவர் கிட்டாரைத் திறந்தபடியே சொன்னதுதான் எனக்குக் கிடைத்த முதல் பாடம்.

"உங்க வீட்டுல கேஸ் லைட்டர் இருக்கா? அழுத்தினா 'டிக்'குன்னு பொறி வருதுல்ல? அதுக்குள்ள பேட்டரி கிடையாது. ஒரு சின்னக் கல்லு மேல அடி விழுது. அந்த அழுத்தத்துல கரண்ட் வருது. இதுக்குள்ளேயும் அதே கதைதான்."

அந்தக் கல்லுக்குப் பெயர் பீஸோ. சில வகைப் படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1880ல் பிரான்ஸில் ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற அண்ணன் தம்பி கண்டுபிடித்தார்கள். இந்தத் தம்பி பியரைத்தான் பின்னாளில் மேரி கியூரி கல்யாணம் செய்துகொண்டார். 1960களின் கடைசியில் அமெரிக்காவின் ஓவேஷன் கம்பெனி இந்த முறையைக் கிட்டாருக்குக் கொண்டுவந்து பிரபலமாக்கியது.

கிட்டாரின் வயிற்றுப் பக்கம் தந்திகள் ஒரு வெள்ளைப் பட்டைமேல் ஏறி இறங்கும். அதுதான் சேடில். அதற்கு அடியில் மெல்லிய பீஸோ பட்டை ஒளிந்திருக்கிறது. தந்தி அதிரும்போது அந்த அதிர்வு பட்டையை அழுத்துகிறது. பிறக்கும் மின்சாரம் ரொம்பச் சின்னது. அதைத் தூக்கிவிட, கிட்டாரின் பக்கவாட்டில் 'ப்ரீஆம்ப்' என்ற சின்னப் பெட்டி. வால்யூம், பாஸ், ட்ரெபிள் திருகுகள் இருக்குமே, அதுதான். அதற்குத்தான் 9 வோல்ட் பேட்டரி.

எங்கள் கிட்டாரில் பெரியவர் மூன்று நோய்களைக் கண்டுபிடித்தார்.

முதலாவது, பழைய பேட்டரி கசிந்து உள்ளே பச்சை பிடித்திருந்தது. 'கர்ர்ர்' சத்தத்துக்கு அதுதான் காரணம். சுத்தம் செய்து புது ஒயர் போட்டார். இரண்டாவது, தந்திகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜ் என்ற மரத்துண்டு, பின்பக்கம் லேசாகத் தூக்கியிருந்தது. ஒரு விசிட்டிங் கார்டை எடுத்துச் செருகினார். நுனி உள்ளே போனது. "வெயில்ல கார்ல போட்டு வெச்சிருப்பாங்க. பசை இளகி, தந்தி இழுக்கிற இழுப்புல மரம் எழும்பிடும்" என்றார். ஒட்டி, இறுக்கி, இரண்டு நாள் வைத்துக் கொடுத்தார்.

மூன்றாவதுதான் பெரிய நோய். பீஸோ பட்டையில் இரண்டாவது தந்திக்குக் கீழே உள்ள இடம் செத்துப் போயிருந்தது. சேடிலின் அடிப்பாகத்தைச் சமமாக ராவிப் பார்த்தார். பாதிதான் தேறியது.

"முழுசா சரியாகணும்னா பிக்கப்பையே மாத்தணும்மா. கூலியோட சேர்த்து ரெண்டாயிரத்தஞ்சூறு ஆகும்."

அன்றைக்கே ஆயிரத்து எண்ணூறு ஆகியிருந்தது. "அப்புறம் பார்க்கலாங்க" என்றேன். வீட்டில் வாசிக்கக் குறை தெரியாது. அந்த 'அப்புறம்' வராமலே மூன்று வருஷம் ஓடிவிட்டது.

வாங்கும் முன் இவற்றைப் பாருங்கள்

பெரியவர் சொன்னதையும், மகன் பிறகு கற்றுக்கொண்டதையும் சேர்த்துத் தருகிறேன். உங்கள் பிள்ளையோ பேரனோ கேட்டால் போனில் எடுத்துக் காட்டலாம்.

* செருகிப் பாருங்கள். கையோடு ஒரு ஒயரும் புது 9 வோல்ட் பேட்டரியும் கொண்டுபோங்கள். ஸ்பீக்கர் உள்ள இடத்தில்தான் சந்திக்க வேண்டும். விற்பவர் வீடு, சவுண்ட் சர்வீஸ் கடை, சர்ச், எதுவானாலும் சரி. பஸ் ஸ்டாண்ட் மட்டும் வேண்டாம்!

* தந்தி தந்தியாகக் கேளுங்கள். மொத்தமாக மீட்டினால் ஒரு தந்தியின் குறை மற்ற ஐந்தில் மறைந்துவிடும். ஒரே பலத்தில் ஒவ்வொன்றாக மீட்டினால் ஆறும் ஒரே அளவில் கேட்க வேண்டும். செருகியிருக்கும் ஒயரை லேசாக அசையுங்கள். சத்தம் விட்டு விட்டு வந்தால் ஜாக்கில் கோளாறு.

* பேட்டரி அறையைத் திறங்கள். பச்சையோ வெள்ளையோ பொடி பூத்திருந்தால் கசிவு.

* பிரிட்ஜைப் பாருங்கள். பின்விளிம்பில் விசிட்டிங் கார்டு நுழைகிறதா? அதற்குப் பின்னால் பலகை தொப்பை போல வீங்கியிருக்கிறதா?

* கழுத்தைப் பாருங்கள். ஆசாரி பலகையை ஒரு கண் மூடிப் பார்ப்பாரே, அப்படி. இம்மியளவு வளைவு இருக்கலாம், அது தேவையும்கூட. முறுக்கிக்கொண்டிருந்தால் வேண்டாம். கழுத்தில் குறுக்கே உள்ள உலோகக் கட்டைகள்தான் ஃப்ரெட். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கும் தடித்த தந்திக்கும் நடுவில் ஏ.டி.எம். கார்டுகளை அடுக்கி நுழையுங்கள். மூன்று கார்டு அளவு இடைவெளி இருந்தால் சௌகரியம். நாலு நுழைந்தும் இடம் மிச்சம் இருந்தால், கற்றுக்கொள்ளும் பிள்ளையின் விரல் நொந்துவிடும்.

* சுருதி நிற்கிறதா? போனில் இலவச ட்யூனர் ஆப் இருக்கிறது. தந்தியைச் சும்மா மீட்டினால் வரும் சுரம், பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் ஒரு ஸ்தாயி மேலே அதே சுரமாக வர வேண்டும். நன்றாக விலகினால் ரிப்பேர் செலவு இருக்கிறது.

* எல்லா ஃப்ரெட்டிலும் அழுத்துங்கள். 'ஜிர்ர்' என்று ஒலித்தால் அங்கே தேய்மானம்.

* பில்லும் சீரியல் நம்பரும் கேளுங்கள். பில் தொலைந்திருக்கலாம், தப்பில்லை. எங்கே, எப்போது வாங்கியது என்று கேட்டால் சொந்தக்காரர் தடுமாற மாட்டார்.

வாங்கிய பிறகு ஒரு விஷயம். வாசித்து முடித்ததும் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். பெரும்பாலான கிட்டார்களில் ஒயரைச் செருகுவதுதான் பேட்டரிக்கு ஸ்விட்ச். செருகியபடி விட்டால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். சித்திரை வெயிலில் செஞ்சிப் பாறைகள் பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரியிலும் விடும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஜன்னல் ஓரம், மாடி அறை, பூட்டிய கார் எதுவுமே கிட்டாருக்கு ஆகாது.

பழசு என்றால் மட்டமா?

இவ்வளவு கண்டங்கள் இருக்கிறதே, புதிதாகவே வாங்கிவிடலாமே என்று தோன்றும். பழசின் மதிப்பை எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ 'மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' என்று 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிராவில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இருக்கும் ஒரே ஒன்று எங்கள் செஞ்சிக் கோட்டை.

இசைக் கருவிக்கும் பழசு பகையில்லை. கும்பகோணம் பக்கம் நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்கிறவர்கள், பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தைத் தேடி வாங்குகிறார்கள். பல வருஷம் காய்ந்து அடங்கிய மரம் இனி வளையாது, வெடிக்காது. அந்த நாதஸ்வரத்துக்கு 2022ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

வெளிநாட்டில் இன்னும் வேடிக்கை. 'நிர்வாணா' குழுவின் கர்ட் கோபேன் 1993ல் நியூயார்க்கில் எம்.டி.வி. நிகழ்ச்சியில் வாசித்தது ஒரு பழைய எலக்ட்ரோ அக்கூஸ்டிக் கிட்டார்தான். மார்ட்டின் கம்பெனி 1959ல் செய்த டி-18இ. அவர் அதை செகண்ட் ஹேண்டில் வாங்கி, இடது கைப் பழக்கத்துக்கு மாற்றி, கூடுதலாக ஒரு பிக்கப்பும் பொருத்தியிருந்தார். 2020 ஜூனில் அது ஏலத்தில் 60 லட்சம் டாலருக்கு மேல் போனது. நம் கணக்கில் சுமார் 45 கோடி ரூபாய். அதுவரை ஏலம் போன கிட்டார்களில் அதுதான் அதிக விலை.

பீட்டில்ஸ் ஜான் லெனன் கதை சீரியல் நம்பருக்குப் பாடம். 1962ல் வாங்கிய அவருடைய கிப்ஸன் ஜே-160இ கிட்டார், 1963 கடைசியில் லண்டன் நிகழ்ச்சி ஒன்றில் காணாமல் போனது. சில வருஷம் கழித்து, அமெரிக்காவில் ஒருவர் அது யாருடையது என்று தெரியாமலே பழைய கிட்டாராக வாங்கினார். ஏறக்குறைய அரை நூற்றாண்டு வீட்டில் வைத்து வாசித்தார். பிறகு நம்பரை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. 2015ல் 24 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

நம் வீட்டுக் கிட்டார் கோடிக்குப் போகாது. ஆனால் இரண்டு கதையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கீறலையும் தேய்மானத்தையும் மாற்றிப் பொருத்தியதையும் யாரும் மறைக்கவில்லை. மறைக்காத பழசுக்கு மதிப்பு உண்டு. மறைத்த பழசுதான் மட்டம்.

இதை எழுதும்போது சுலபமாக இருக்கிறது. போன மாதம் அப்படி இல்லை.

"கேட்டா சொல்லு"

மகன் இப்போது கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். ஹாஸ்டலில் கிட்டார் வைக்க இடமில்லை. விற்றுவிடலாம் என்றேன். அவனுக்கு மனசு வரவில்லை.

இளையராஜாவும் அவர் சகோதரர்களும் சென்னைக்குக் கிளம்பியபோது, அவர்களுடைய அம்மா வீட்டிலிருந்த ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்று, அந்தப் பணத்தை அப்படியே பிள்ளைகளிடம் கொடுத்தாராம். இளையராஜாவே பல மேடைகளில் சொன்னது இது. "பழசை விக்கிறதுல வருத்தப்பட ஒண்ணுமில்லடா. நம்ம கையில சும்மா கிடக்கிறதை விட, வாசிக்கிற கைக்குப் போறது நல்லதுதானே?" என்றேன். பெரிய மனுஷி மாதிரி பேசினேன், பாருங்கள்.

ஆயுத பூஜைக்கு வந்தவன், கிட்டாரைத் துடைத்துப் புத்தகங்களோடு சாமி முன்னால் வைத்தான். நான் சந்தனம், குங்குமம் இட்டேன். புதுத் தந்தி மாட்டி, நாலு போட்டோ எடுத்து, '5,500 ரூபாய்' என்று விளம்பரம் போட்டான்.

முதல் போன் வந்தது. "நான் ராணுவத்துல இருக்கேன் மேடம், நேர்ல வர முடியாது. ஃபுல் அமவுண்ட் இப்பவே அனுப்பறேன். ஒரு கியூ.ஆர். கோடு வரும், ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் ஏறிடும்." பேரம்கூடப் பேசவில்லையே என்று சந்தோஷமாக ஸ்கேன் செய்யப் போனேன். மகன் போனைப் பிடுங்கினான். "பணம் வாங்க எதுக்கும்மா பின் நம்பர்? பின் போட்டா நம்ம பணம்தான் போகும்!"

இதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். பணம் வருவதற்கு ஸ்கேன் செய்யவும் தேவையில்லை, பின் நம்பரும் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைவிட்டுப் போகும்.

அடுத்த போன், செஞ்சிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு விவசாயி. "பாப்பா சர்ச்சுல பாடுதும்மா. கிட்டார் ஒண்ணு கேக்குது. நாளைக்குக் கமிட்டிக்கு நெல்லு எடுத்தாறேன், அப்படியே வந்து பாக்கலாமா?" கமிட்டி என்றால் எங்கள் ஊர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம். சுற்றுவட்டார நெல் எல்லாம் அங்கேதான் வரும்.

அன்று ராத்திரி மகன் கேட்டான். "அம்மா, அந்த ரெண்டாவது ஸ்ட்ரிங் விஷயத்தை சொல்லிடலாம்ல?"

"கேட்டா சொல்லு. கேக்கலைன்னா நாமளா எதுக்கு இழுத்துப் போடணும்? நமக்கு யாரும் சொல்லலியே!"

அவன் ஒன்றும் பேசவில்லை.

மூட்டையைக் கவிழ்த்தவன்

மறுநாள் மதியம் அப்பாவும் மகளும் வந்தார்கள். அவர் வேட்டி மடிப்பில் இன்னும் நெல் தூசி இருந்தது. அந்தப் பெண்ணுக்குப் பதினாலு, பதினைந்து வயசு இருக்கும். கிட்டாரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டவள், ஓரத்தில் காய்ந்திருந்த சந்தனப் பொட்டைப் பார்த்துச் சிரித்தாள். மெதுவாக மீட்டினாள். மூன்று வருஷத்துக்கு முன் பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் பார்த்த அதே வெளிச்சம் அவள் முகத்தில்.

"கிறிஸ்துமஸுக்கு சர்ச்சுல வாசிக்கப் போவுது. மைக் செட்டுல போட்டா நல்லா கேக்குமாம்மா?" என்றார் அவர்.

கேட்டுவிட்டார். 'கேட்டா சொல்லு' என்று சொன்னவள் நான்தான். ஆனால் என் வாயிலிருந்து வந்தது, "ம், கேக்குமே!"

பொய் இல்லை. ஐந்து தந்தி கேட்கும்.

அவர் தலையாட்டிவிட்டுச் சொன்னார். "நெல்லுன்னா கையில அள்ளிப் பாத்து, ஒண்ணைக் கடிச்சா ஈரம் தெரிஞ்சுடும். பதரு எவ்வளவுன்னு சொல்லிடுவேன். இதுல எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நீங்க சொன்னா சரிதான்."

எனக்குத் தொண்டை அடைத்தது. அப்போதாவது நான் பேசியிருக்க வேண்டும். ஐயாயிரத்து ஐந்நூறு என்ற எண் மனதில் நின்றுகொண்டிருந்தது.

"ஐயா, ஒரு நிமிஷம்" என்றான் என் மகன். "இதுல ஒரு குறை இருக்கு. சும்மா வாசிச்சா தெரியாது. மைக் செட்டுல போட்டாதான் தெரியும். இருங்க, காட்டறேன்."

தெருக்கோடி நண்பன் வீட்டுக்கு ஓடி, ஒரு சின்ன ஸ்பீக்கரைத் தூக்கிவந்தான். செருகினான். ஒவ்வொரு தந்தியாக மீட்டினான். அந்தப் பெண் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"ரெண்டாவது கம்பி மட்டும் எங்கியோ தூரத்துல கேக்குதுப்பா."

பிரிட்ஜ் ஒருமுறை எழும்பி ஒட்டியதையும், பேட்டரி கசிந்ததையும், புதுச்சேரி பெரியவர் சொன்ன செலவையும் மகன் ஒன்றுவிடாமல் சொன்னான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எழுந்து போய்விடுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி பண்ண ரெண்டாயிரத்தஞ்சூறுன்னு சொல்றே. கமிட்டியில நெல்லு ஈரமா இருந்தா, அதுக்குத் தக்க விலையில கொறைப்பாங்க. நாமளும் அப்படியே கொறைச்சுக்கலாமா தம்பி? மூவாயிரம்."

"சரிங்க ஐயா" என்றான் மகன். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மகள் போனில் பணத்தைப் போட்டாள். பெரியவரின் நம்பரை மகன் எழுதிக் கொடுத்தான். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"மூட்டையில மேல ஒரு நெல்லு, அடியில ஒரு நெல்லுன்னு வெச்சா, அன்னிக்கு ஒரு நாள் வித்துடலாம். அடுத்த தடவை அவன் மூட்டையை எவனும் நம்ப மாட்டான். நீங்க மூட்டையைக் கவுத்தே காட்டிட்டீங்க."

அந்த 'நீங்க'வில் எனக்குப் பங்கில்லை.

அவர்கள் போனபிறகு மகனிடம் கேட்டேன். "ரெண்டாயிரத்தஞ்சூறு போச்சேடா?"

"அன்னிக்கு ஸ்டேஜ்ல இருந்து இறங்கினது நான்தானேம்மா" என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை.

யோசித்துப் பார்த்தால் அந்த இரண்டாயிரத்து ஐந்நூறு எங்கேயும் போகவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் 'அப்புறம் பார்க்கலாம்' என்று நான் தள்ளிவைத்த செலவு அது. அதைத்தான், நெல் விற்ற பணத்தில் மகளுக்குக் கிட்டார் வாங்க வந்த ஒரு மனிதர் தலையில் கட்டப் பார்த்தேன். எங்களுக்கு விற்ற அந்த விழுப்புரம் பையனும் வீட்டில் இப்படித்தான் ஏதாவது பேசியிருப்பான். 'கேட்டா சொல்லிக்கலாம்' என்றிருப்பான். அவன் மேல் மூன்று வருஷமாக இருந்த கோபம் அன்றோடு குறைந்துவிட்டது. கோபப்பட எனக்கு என்ன தகுதி?

போன வாரம் மகன் கோயம்புத்தூரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஓர் ஆடியோ அனுப்பியிருந்தான். அந்தப் பெண் அனுப்பியதாம். புதுச்சேரிக்குப் போய் புது பிக்கப் போட்டுவிட்டார்கள். சர்ச்சில் ஒத்திகை. பின்னால் நாலைந்து குரல்கள், முன்னால் கிட்டார்.

இரண்டாவது தந்தி எது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். கண்டுபிடிக்க முடியவில்லை. ஆறும் ஒன்றாகக் கேட்டன.